மெம்ஃபிஸ் வரும் மெய்யப்பனுக்கு

பதினொரு வருடம் கழித்து
மூன்றே வரியில் கேட்டிருக்கிறாய்:
வியாழன் இறங்குகிறேன், நாலு நாள்,
கோல்ஃப், சாப்பாடு, பாட்டு, எது எங்கே சொல்.
நலமா என்று கேட்கவில்லை.
நல்லது. நானும் சொல்லவில்லை.

முதலில் சாப்பாடு.
விமான நிலையத்திலிருந்து லமார் சாலையைப் பிடி.
டயர் கடைக்குப் பின்னால் புகை தெரியும்;
பெயர்ப்பலகை கிடையாது, புகைதான் பலகை.
விலா எலும்பு. குழம்பு ஊற்றாதது என்று கேள்.
மிளகும் மிளகாயும் பூண்டும் பொடித்துத் தடவி
ஹிக்கரி விறகில் ராத்திரி கிடந்தது.
எலும்பு தானாகக் கழன்று வந்தால்
வெந்தது அதிகம் என்பாள் கடைக்காரி ஷர்லீன்;
கடித்த இடம் மட்டும் வர வேண்டுமாம்.
சனிக்கிழமை உனக்குச் சைவம், மறக்கவில்லை.
அன்றைக்குக் கீரை என்று நம்பி வாங்காதே,
உள்ளே பன்றிக் கணுக்கால் வெந்திருக்கும்.
இந்த ஊரில் கீரையும் அசைவம்.
வறுத்த வெண்டைக்காய் வாங்கிக்கொள்.
எந்த எண்ணெயில் என்று மட்டும் கேட்காதே.

பாட்டு.
பீல் தெருவுக்கு ஒரு தடவை போ,
போட்டோ எடு, திரும்பி வா.
வெள்ளி ராத்திரி பத்தரைக்கு மேல்
தண்டவாளம் தாண்டி ஒரு தாழ்ந்த கட்டடம்.
முன்பு மீன் கடை,
மழை நாளில் இப்போதும் மீன் கடை.
ஓடெல் என்ற பெண் பாஸ் கிட்டார் வாசிக்கிறாள்,
பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
ஒரே சுரத்தில் அவள் நிற்கும்போது
அவசரப்பட்டுக் கைதட்டிவிடாதே.
பாட்டு முடியவில்லை,
அடுத்ததைச் சொல்லலாமா என்று யோசிக்கிறது.
நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாளி சுற்றி வரும்.
இருபது டாலர் தாளாகப் போடு.
அவர்களுக்குச் சம்பளம் அந்த வாளிதான்.
சில்லறைச் சத்தம் நம் இருவருக்கும் ஆகாது.

நம் லாண்டிரி இப்போது நகப்பூச்சுக் கடை.
இருபத்திரண்டு இயந்திரங்கள்,
நாணயம் போட்டால்தான் சுற்றும்.
திங்கள் காலை பெட்டிகளைத் திறந்து
நீ எண்ணுவாய், நான் எழுதுவேன்.
நாணயத்தை எண்ணி எண்ணியே
நாணயம் எங்கே போனது என்று
கேட்க மறந்த இரண்டு பேர்.

கோல்ஃபுக்கு வருகிறேன்.
ஊருக்குக் கிழக்கே பெரிய கிளப்புகள் உண்டு,
தொப்பி போட்டவன் காரை வாங்கி நிறுத்துவான்.
இப்போது நீ அங்கே போகக்கூடியவன், கேள்விப்பட்டேன்.
ஆனாலும் என்னைக் கேட்டாய் என்பதால் சொல்கிறேன்:
நாம் ஆடிய நகராட்சி மைதானம்தான். ஒன்பது குழி.
ஜூலையில் பெர்முடா புல்
காலுக்கடியில் கோரைப்பாய் மாதிரி முறுகும்.
வாடகை மட்டைகளில் ஏழாம் எண்ணை எடு,
மற்றவை வளைந்தவை.
ஆறாம் குழிக்கு முன்னால் அதே ஓடை.
நினைவிருக்கிறதா?
ஏழு அடித்தாய். ஒன்று தண்ணீரில்.
அஞ்சு என்றாய்.
பென்சில் என் கையில் இருந்தது.
கோல்ஃப் பென்சிலுக்குத் தலையில் ரப்பர் கிடையாது,
எழுதினால் எழுதியதுதான்.
அஞ்சு என்றே எழுதினேன்.

இதை வக்கீலிடம் சொல்லவில்லை.
உன்னைப் பற்றி மற்றதெல்லாம் சொன்னேன்.

ஞாயிறு காலை ஆறு நாற்பதுக்கு எனக்கு ஆட்டம்.
இரண்டு பேருக்குப் பதிந்திருக்கிறேன்;
ஞாயிற்றுக்கிழமை ஒற்றை ஆளை
உள்ளே விடுவதில்லை, அதனால்தான்.
கார்டை நீ எழுது.
நான் எத்தனை அடித்தேன் என்று நானே சொல்கிறேன்,
என்ன சொல்வேன் என்று எனக்கும் தெரியாது.

குடை எடுத்து வா.
நாலு மணிக்கு மழை கொட்டும்,
ஐந்துக்குத் தார்ச்சாலை ஆவி விட்டுக்கொண்டு
பெய்யவே இல்லை என்று சாதிக்கும்.